வைரஸால் புற்றுநோய் வருமா? வெள்ளவத்தைத் தாய்மார் கேட்ட கேள்விகள்

கொழும்பில் யாராவது குரலைத் தாழ்த்தி "அவர் மகரகமவுக்குப் போய் வாறார்" என்றால், அதற்கு மேல் ஒருவரும் துருவிக் கேட்பதில்லை. புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் அந்த ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு அந்தத் தாழ்ந்த குரல் பழக்கமானதுதான். ஆனால் சில வருடங்களாக வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வேறு விதமான கேள்விகள் வருகின்றன. அக்காவைக் கூட்டிப்போக வரும் அம்மாவின் கையில் தங்கையின் பாடசாலைப் பாரம் ஒன்று இருக்கும். ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் பாரம் அது.

"டீச்சர், புற்றுநோய்க்கு ஊசியா? அது என்ன கொப்புளிப்பானா, ஊசி போட்டுத் தடுக்க?"

அந்த அம்மா கிண்டலாகக் கேட்டதுதான், ஆனாலும் நல்ல கேள்வி. அதற்கும் அதன் பின்னால் வந்த மற்றக் கேள்விகளுக்கும் படியில் நின்றபடி சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதியிருக்கிறேன். நம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி 'கலம்' என்றே எழுதுகிறேன். இந்தியப் பத்திரிகைகளில் 'செல்' என்று வருவதும் இதுதான்.

புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. தெரிந்த ஒரு வீட்டில், கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குத் தனிப் பீங்கானும் தனித் தேத்தண்ணிக் கோப்பையும் மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். கோப்பையின் பிடியில் ஒரு சிவப்பு நூல், மாறிவிடாமல் இருக்க. வீட்டார் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு அவசியமே இருக்கவில்லை. ஒருவரின் புற்றுநோய்க் கலம் இன்னொருவரின் உடலுக்குள் போனால், அந்நியக் கலம் என்று கண்டு உடலே அதை அழித்துவிடும்.

தொற்றக்கூடியது வைரஸ். சில வைரஸ்கள் உடலில் பல வருடங்கள் தங்கினால், தங்கியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் புற்றுநோய் வரலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிவப்பு நூல் வரை போகிறது.

(விலங்குகளில் விதிவிலக்கு உண்டு. நாய்களுக்கு இனப்பெருக்க உறுப்பில் வரும் ஒரு கட்டியில் புற்றுநோய்க் கலமே நாய்க்கு நாய் தாவுகிறது. மாணவர்கள் இதைக் கேட்டால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது.)

அப்படியென்றால் எல்லாப் புற்றுநோய்க்கும் வைரஸ்தான் காரணமா?

இல்லை. 2018ஆம் ஆண்டு உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் ஏறக்குறைய 13 சதவீதம் தொற்றுகளால் வந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதிலும் முதலிடம் வைரஸுக்கு இல்லை, இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவுக்கு. அடுத்தது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. அதற்கடுத்து ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி. எப்ஸ்டீன் பார், எச்.டி.எல்.வி. 1, கப்போசி சார்கோமா வைரஸ், மெர்க்கெல் கல வைரஸ் ஆகியவற்றையும் சேர்த்தால் மனிதரில் நேரடியாகப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்கள் ஒரு கை விரல்களைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இலங்கைப் பெண்களில் ஆக அதிகமாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோய் இந்தக் கணக்கில் வராது. ஆண்களில் முன்னணியில் நிற்கும் வாய்ப் புற்றுநோய்க்கு நம் நாட்டில் பிரதான குற்றவாளி வெற்றிலைச் சரைதான். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. அந்தப் பழியை வைரஸ் மேல் போட்டுவிட்டுத் தாத்தா இன்னொரு சரை மடிக்கக் கூடாது.

கலத்துக்குள் போய் வைரஸ் என்னதான் செய்கிறது?

இதற்குத்தான் கொஞ்சம் இருந்து பேச வேண்டும். எச்.பி.வி.யை உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் அதன் வேலை மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

எச்.பி.வி. மிகவும் ஏழை. அதன் டி.என்.ஏ. முழுவதையும் எழுதினால் சுமார் 8,000 எழுத்துகள்தான், நம்முடையது 300 கோடி. டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கத் தேவையான பிரதான நொதியம்கூட அதனிடம் இல்லை. தான் குடியிருக்கும் கலம் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நேரம் பார்த்து, அதே இயந்திரத்தில் தன்னுடையதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டோக்கொப்பிக் கடை திறந்திருக்கும்போதுதான் அதற்கு வாழ்வு.

ஆனால் அது குடியேறும் இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருப்பைக் கழுத்தை மூடியிருக்கும் மேலணி, அடுக்கு அடுக்கான கலங்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உராய்வு வழியாக வைரஸ் ஆக அடித்தட்டுக் கலத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கலங்கள் பிரியும். பிரிந்தவை மேலே தள்ளப்படும்போது பிரிவதை நிறுத்திவிட்டு, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துவிடும். அதாவது வைரஸ் மேலே ஏற ஏறக் கடை பூட்டப்படுகிறது. அதற்கோ கடை திறந்தே இருக்க வேண்டும்.

பூட்டு எப்படிப் போடப்படுகிறது என்பதை வகுப்பில் நான் 100ஆம் இலக்க பஸ்ஸை வைத்துச் சொல்வேன், பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போவது. சாரதியின் கால் எந்த நேரமும் ஓடத் தயார். அவரை நிறுத்தி வைத்திருப்பவர் கொண்டக்டர். அவர் "ஹரி, யன்ன" என்று சொல்லும்வரை பஸ் நகராது. கலத்தில் அந்தச் சாரதிக்குப் பெயர் ஈ2எஃப். அது அவிழ்ந்தால் டி.என்.ஏ. பிரதியெடுப்புக்கான பரம்பரையலகுகள் (ஜீன்கள்) எல்லாம் இயங்கத் தொடங்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் கொண்டக்டர் ஆர்.பி. என்ற புரதம். எச்.பி.வி. தயாரிக்கும் ஈ7 என்ற புரதம் நேரே போய் ஆர்.பி.யைக் கட்டிப்பிடித்து இறக்கிவிடுகிறது. யாரும் சொல்லாமலே பஸ் கிளம்புகிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் புற்றுநோய் வராது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவர் இருக்கிறாரே. சொல்லாமல் கிளம்பிய பஸ்ஸையும் பிரேக் இல்லாத பஸ்ஸையும் அவர் மறிப்பார். கலத்தில் அந்த வேலை பி53 என்ற புரதத்துடையது. டி.என்.ஏ.யில் உடைவு கண்டாலோ, நேரங்கெட்ட நேரத்தில் பிரிவு தொடங்கினாலோ அது கலத்தை நிறுத்தும். திருத்தக்கூடியது என்றால் திருத்த அவகாசம் கொடுக்கும். திருத்த முடியாது என்றால் கலத்தைத் தானாகவே சாகச் செய்யும். நம் உடம்பில் இது நாளாந்தம் நடக்கிற காரியம்.

ஈ7 செய்த கூத்தைப் பார்த்ததும் பி53 எழும்பிவிடும். அதனால்தான் வைரஸுக்கு இரண்டாவது கையாள் தேவைப்படுகிறது, அதுதான் ஈ6. அது பி53ஐத் தானே அடித்துக் கொல்வதில்லை. கலத்தின் சொந்தக் குப்பை அகற்றும் ஏற்பாட்டைக் கூட்டிவந்து, பி53இன் முதுகில் 'குப்பை' என்று ஒரு அடையாளத்தை ஒட்ட வைக்கிறது. மிச்சத்தைக் கலமே செய்கிறது: தன் டைம் கீப்பரைத் தானே குப்பை லொறியில் ஏற்றி அனுப்புகிறது. இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் ஒரு அமைதி வரும்.

ஈ6 இன்னொன்றும் செய்யும். ஒவ்வொரு பிரிவிலும் நிறமூர்த்தத்தின் (குரோமோசோமின்) நுனி கொஞ்சம் தேயும், தேய்ந்து முடிந்தால் கலம் பிரிய முடியாது. தேய்ந்த நுனியை நீட்டிக் கொடுக்கும் நொதியம் சாதாரணமாக இந்தக் கலங்களில் தூங்கிக் கிடக்கும். ஈ6 அதை எழுப்பிவிடுகிறது. கொண்டக்டர் இல்லை, டைம் கீப்பர் இல்லை, எண்ணெயும் தீர்வதில்லை.

பஸ் உதாரணம் இதற்கு மேல் ஓடாது. கலத்தில் யாரும் யோசித்து எதையும் செய்வதில்லை, ஒன்றோடொன்று பொருந்தும் வடிவங்கள் மட்டுமே.

ஒரு பக்கக் குறிப்பு: மனிதப் புற்றுநோய்களில் பாதி அளவில் பி53 பரம்பரையலகு விகாரமடைந்து கெட்டுப்போயிருக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பெரும்பாலும் அது கெடாமல் நல்லபடி இருக்கும். ஈ6 புரதத்தை அழித்துக்கொண்டே இருக்கும்போது பரம்பரையலகு கெட வேண்டிய தேவை இல்லையே. இன்னொன்று, யானைக்கு இந்தப் பரம்பரையலகின் பிரதிகள் 20 அளவில் இருக்கின்றன, நமக்கு ஒன்றுதான். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு கலங்கள் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறார்கள்.

இப்படிப் பிரிய வைத்தால் அதுவே புற்றுநோய்தானே?

இல்லை, இன்னும் இல்லை. சும்மா பிரிவது புற்றுநோய் ஆகாது. மருவும் அப்படிப் பிரிவதால் வருவதுதான். எச்.பி.வி. 6, 11 என்ற வகைகள் மருவை மட்டும் தரும், அவற்றின் ஈ7 ஆர்.பி.யைத் தளர்வாகத்தான் பிடிக்கும். 16, 18 என்ற வகைகளின் பிடி இறுக்கம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இரண்டு வகைகளால் வருவது.

டைம் கீப்பர் இல்லாத கலம் பிரியப் பிரிய, பிழையுள்ள பிரதிகள் நிறுத்தப்படாமல் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஒரு பிழை, அதன் மேல் இன்னொரு பிழை. அவற்றில் ஒன்று கலத்துக்கு அக்கம்பக்கத்தை ஊடுருவும் குணத்தைக் கொடுக்கும் நாளில்தான் அது புற்றுநோய். சாதாரணமாக இதற்கு 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். எய்ட்ஸ் போன்றவற்றால் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) நலிந்திருந்தால் 5 முதல் 10 வருடங்களிலேயே நடக்கலாம். வைரஸ் தொடக்கிவைக்கும், முடித்துவைப்பது காலமும் விகாரங்களும். ஊசியும் பரிசோதனையும் பயன்படுவது இந்த நீண்ட இடைவெளியால்தான்.

ஆளைக் கொன்றால் வைரஸும் சாகும். அதற்கு இதனால் என்ன லாபம்?

ஒன்றுமே இல்லை. பத்தாம் தரம் படிக்கும் ஒரு பையன் கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

வைரஸுக்குத் தேவை, மேலே போய் உதிரும் கலத்தோடு புதிய வைரஸ்கள் வெளியேற வேண்டும் என்பது மட்டும். ஈ6, ஈ7 இரண்டும் அளவுக்கு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள அதனிடமே ஈ2 என்ற புரதம் இருக்கிறது. சில வேளைகளில் வளையமாக இருக்கும் வைரஸ் டி.என்.ஏ. உடைந்து, நம் நிறமூர்த்தத்துக்குள் செருகிக்கொள்கிறது. உடையும் இடம் பெரும்பாலும் ஈ2 பகுதியில். கட்டுப்படுத்தும் ஆள் போய்விட, ஈ6உம் ஈ7உம் தடையின்றிப் பெருகுகின்றன. அப்படியான கலத்திலிருந்து புதிய வைரஸ் வெளிவருவதும் இல்லை. வைரஸின் பக்கமிருந்து பார்த்தால் புற்றுநோய் ஒரு விபத்து, முட்டுச் சந்து.

உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா கலங்கள் இதற்கு நேரடிச் சாட்சி. 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை. அவற்றின் நிறமூர்த்தத்தில் எச்.பி.வி. 18 செருகியே இருக்கிறது. எழுபது வருடங்கள் தாண்டியும் ஈ6, ஈ7 இரண்டையும் நிறுத்தினால் அந்தக் கலங்கள் பிரிவதை நிறுத்துகின்றன.

மற்ற வைரஸ்களும் இதே வேலையைத்தான் செய்கின்றனவா?

போய்ச் சேரும் இடம் ஒன்று, பாதைகள் வேறு.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பெரும்பாலும் நீண்ட நாள் அழற்சியால் கெடுக்கின்றன. வைரஸ் இருக்கும் ஈரல் கலங்களை நம் நிர்ப்பீடனம் தாக்கும், இறந்தவற்றை ஈடுசெய்யப் புதியவை பிரியும், மறுபடி தாக்கும். கொழும்பின் காலி வீதியை வருடம் தவறாமல் தோண்டி மூடுவது போல, கடைசியில் ஒட்டுப்போட்ட தழும்புதான் மிஞ்சும். அதுதான் சிரோசிஸ். இத்தனை அவசரப் பிரிவுகளில் விகாரங்கள் சேரும். ஹெபடைடிஸ் பி இதோடு தன் டி.என்.ஏ.யையும் நம் நிறமூர்த்தத்துக்குள் செருகக்கூடியது. ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ. வைரஸ், செருகிக்கொள்ளாது. அதற்கு ஊசி இல்லை, ஆனால் சில மாத மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேலானோர் முற்றாகக் குணமாகிறார்கள்.

எப்ஸ்டீன் பார் வைரஸ் உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேலானோரின் உடலில் சும்மா கிடக்கிறது, உங்களிடமும் என்னிடமும் இருக்கலாம். அது பீ கலம் என்ற நிர்ப்பீடனக் கலத்தில் குடியிருக்கும். அந்தக் கலம் சும்மா பெருகாது, வெளியிலிருந்து அழைப்பு வர வேண்டும். வைரஸ் செய்யும் ஒரு புரதம், வீட்டு மணியின் பொத்தான் உள்ளே இறுகிப்போய் ஓயாமல் அடிப்பது போல, வாசலில் யாருமில்லாமலே 'பெருகு' என்ற சமிக்ஞையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆபிரிக்கச் சிறுவரில் வரும் பேர்கிட் லிம்போமாவில் இதோடு மலேரியாவும் சேர்ந்துகொள்கிறது.

கப்போசி சார்கோமா வைரஸ் இன்னும் துணிச்சல். கலப் பிரிவை முன்தள்ளும் மனிதப் புரதம் ஒன்றின் நகலைத் தானே வைத்திருக்கிறது, எப்போதோ நம் மூதாதையரிடம் திருடியது. எச்.ஐ.வி. நேரடியாகக் கலத்தைப் புற்றாக்குவதில்லை. காவலாளியை அப்புறப்படுத்துகிறது, மற்ற வைரஸ்கள் உள்ளே புகுந்து விளையாடுகின்றன.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரு கோழியில் தொடங்கியது. நியூயோர்க்கில் பெய்ட்டன் ரௌஸ் என்ற ஆய்வாளர், ஒரு கோழியின் கட்டியை அரைத்து, பற்றீரியாகூடப் போக முடியாத வடியால் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911இல் வெளியிட்டார். கோழிக்கு வந்தால் மனிதருக்கு என்ன என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். நொபெல் பரிசு 1966இல் வந்தபோது அவருக்கு வயது 87.

அதன் பிறகு வந்ததுதான் உண்மையான அதிர்ச்சி. கோழி வைரஸில் புற்றுநோயைத் தந்த பரம்பரையலகு, ஆரோக்கியமான கோழிக் கலத்திலேயே இருப்பதை பிஷப், வார்மஸ் குழுவினர் 1976இல் காட்டினார்கள். வைரஸ் அதை எப்போதோ கோழியிடமிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதாவது புற்றுநோயாக மாறக்கூடிய விசைகள் வெளியிலிருந்து வருபவை அல்ல, கலம் வளர்வதற்காக நமக்குள் முன்பே இருப்பவை. பி53ஐக்கூட 1979இல் ஒரு குரங்கு வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் கண்டார்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஹெர்பீஸ் வைரஸ்தான் காரணம் என்று 1970களில் பலர் நம்பினார்கள். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் தனியே எச்.பி.வி.யைத் தேடிப் போய் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த வருடம் 18ஆம் வகையையும் கண்டார். 2008இல் நொபெல் பரிசு. ஊசி வந்தது அந்தப் பாதையில்.

எனக்கு எச்.பி.வி. இருக்கிறதாம். புற்றுநோய் வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது. பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண் பெண் எல்லோரும் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வைரஸைச் சந்திக்கிறார்கள். பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. கவனிக்க வேண்டியது போகாமல் தங்கும் ஆபத்தான வகை. அதற்குத்தான் மறுபரிசோதனைக்குத் திகதி தருகிறார்கள். அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். புகைபிடித்தால் வைரஸ் தங்கும் வாய்ப்பு கூடும்.

அப்போ... அவர் பிழையாக நடந்திருக்கிறாரா?

கணவரைப் பற்றி இதைக் கேட்டவர் படியின் கடைசியில், மற்றவர்கள் போன பிறகு கேட்டார். பதிலை நேரடியாகவே சொல்கிறேன்: இந்த முடிவை வைத்து அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. வைரஸ் பல வருடங்கள் கண்டுபிடிக்க முடியாத அளவில் அடங்கிக் கிடந்து மறுபடி தெரியலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆய்வுகூடத் துண்டை வைத்துக்கொண்டு வீட்டில் வழக்கு நடத்தாதீர்கள்.

கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுக்கும் பாப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் நுணுக்குக்காட்டியில் ஒரு பயிற்சிக் கண்ணாடி வில்லையைக் காட்டினாள். இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாக, கசங்கிய டிஷ்யூத் துண்டுகள் போலக் கலங்கள் பரவிக் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகுப் புள்ளி அளவில் கரு. "மிஸ், இப்ப இதைப் பாருங்க" என்று வில்லையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அங்கே ஒரு கலத்தின் கரு மட்டும் பருத்து, காய்ந்த முந்திரிகைப் பழம் போலச் சுருக்கம் விழுந்து இருந்தது. அதைச் சுற்றி, யாரோ அழிறப்பரால் தேய்த்தது போல ஒரு வெள்ளை வளையம். எச்.பி.வி. குடியிருக்கும் கலத்தின் முகம் அது. இருபது வருடமாகக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்த ஒன்றை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அந்தக் கட்டத்தில் அது புற்றுநோய் அல்ல. கருப் பருமனும் ஒழுங்கீனமும் கூடிக்கொண்டே போனால் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்று சொல்வார்கள். அப்போதும் அந்தச் சிறு பகுதியை மட்டும் அகற்றினால் போதும்.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களின் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35, 45 வயதுப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். சில நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. "வருத்தம் ஒன்றும் இல்லையே, ஏன் போக?" என்று கேட்பார்கள். வருத்தம் தெரியாத காலத்தில் பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு பட்டாலோ வயதுக் கணக்குப் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்போதே ஏன்?

ஊசி, வராத வைரஸைத் தடுக்கும், வந்ததைத் துரத்தாது. ஆகவே வாழ்க்கையில் அந்த வைரஸைச் சந்திக்கும் வயதுக்கு வெகு முன்பே போட வேண்டும். இன்னொரு காரணம், இந்த வயதில் பிறபொருளெதிரிகள் நன்றாக உண்டாவதால் இரண்டு முறை போட்டாலே போதும். இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் தர மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. "ஊசி போட்டால் பிள்ளைக்குத் துணிவு வந்துவிடும்" என்று ஒரு தாத்தா சொன்னார். கைக்குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறோம், அதுவும் பாலுறவால் பரவக்கூடியதுதான், அதை வைத்து ஒருவரும் இப்படிப் பேசுவதில்லையே என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஊசிக்குள் வைரஸ் இருக்கிறதா? பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா?

உள்ளே இருப்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டும். டி.என்.ஏ. இல்லை, ஈ6 இல்லை, ஈ7 இல்லை. வெறும் சட்டை. அதைப் பார்த்து நிர்ப்பீடனம் ஆளை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெறும் சட்டையால் தொற்றும் தர முடியாது, புற்றுநோயும் தர முடியாது.

பிள்ளைப்பேற்றுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை. பாதிக்கும் என்று சொல்லி வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை எனக்கும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். உண்மை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்துக்காகக் கருப்பைக் கழுத்தின் ஒரு துண்டை வெட்டியெடுத்தால், பிற்காலத்தில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். ஊசி அந்த வெட்டுக்கான தேவையையே குறைக்கிறது.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், இங்கிலாந்தில் 2008இல் தொடங்கினார்கள். 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. ஆனாலும் ஊசி எல்லா ஆபத்தான வகைகளையும் மறிக்காது. 35 வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

மகனுக்கு?

எச்.பி.வி. ஆண்களிலும் தொண்டை, குதம், ஆண்குறிப் புற்றுநோய்களை உண்டாக்கும். பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள். இங்கே பாடசாலைத் திட்டம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே. உங்கள் குடும்ப வைத்தியரோடு பேசிப் பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி ஊசியும் புற்றுநோய் ஊசிதானா?

ஆம், யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவலன்ட் ஊசிக்குள் அது இருக்கிறது. இலங்கையில் ஹெபடைடிஸ் பி ஊசி 2003இல் தொடங்கியது. குழந்தைக்கு ஏன் என்றால், பிறந்தவுடன் தொற்றினால் பத்தில் ஒன்பது பேரில் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும், வளர்ந்தவர்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தாய்வான் 1984இல் தொடங்கியது. அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் குறைந்ததை 1997இல் வெளியிட்டார்கள். புற்றுநோயைத் தடுத்த முதல் ஊசி இதுதான்.

வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். சலூனில் புது பிளேட் கேட்டு வாங்குங்கள், பச்சை குத்துவதென்றால் புது ஊசி. நம் நாட்டில் இந்த வைரஸ் குறைவு, உண்மைதான். ஆனால் சீனி வருத்தமும் ஈரல் கொழுப்பும் குறைவில்லை, அவையும் சிரோசிஸ் வரை கொண்டுபோகும்.

அன்டிபயோடிக் எடுத்தால் வைரஸ் போகுமா?

போகாது. அது பற்றீரியாவுக்கு. இரைப்பையின் ஹெலிகோபக்டருக்கு மட்டும் சரி.

கட்டு அனோதா (முள்ளுச்சீத்தா) இலை அவித்துக் குடித்தால்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஆய்வுகூடக் கிண்ணத்தில் கலங்களைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உண்டு, துணி வெளுக்கும் பிளீச்சும் கொல்லும். மனிதரில் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. குடிப்பவர் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் குடிப்பதுதான் என் பயம். என்ன குடித்தாலும் சிகிச்சை தரும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

சரி டீச்சர், கை வலிக்குமா?

வலிக்கும். ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை கனக்கும், சிலருக்கு இலேசான காய்ச்சல். ஊசியைப் பார்த்ததும் மயங்குகிற பிள்ளைகளும் உண்டு, அதனால் போட்டபின் கால் மணித்தியாலம் இருக்க வைப்பார்கள். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். கைப்பகுதி இறுக்கமில்லாத சட்டையாகப் போட்டுவிடுங்கள். பாரத்தில் கையெழுத்தை மறக்காதீர்கள், முந்தநாள் ஒரு பிள்ளை அதைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றது.